ஒன்பதாவது உரிமை

ஏழாம் எண் கட்டிலுக்கு விரிப்புப் போட்டது சந்தனச்செல்விதான். முக்கால் மணி நேரம் கழித்து அதில் நோயாளியாகப் படுத்ததும் அவள்தான்.

விரிப்பின் நான்கு மூலைகளையும் தபால் உறை மாதிரி மடித்து மெத்தைக்கு அடியில் செருகினாள். பதினோரு வருடப் பழக்கம், கை தானாக மடிக்கும். காலை ஏழே கால். பெண்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில்கள், ஆள் இருந்தது ஐந்தில். மாதா கோயிலில் கொடியேற்றியாகிவிட்டது. ஊரே திருவிழாவுக்குக் கிளம்பும்போது ஆஸ்பத்திரியில் யார் கிடப்பார்கள்? எழுந்து நடக்க முடிந்தவர்கள் எல்லாம் மாத்திரையை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு போய்விட்டார்கள். மருத்துவமனைக்குத் தரச்சான்று கொடுக்கும் குழுவுக்கு வருவதற்கு அந்த வாரம்தான் கிடைத்தது. பாதி வார்டுக்கு மேல் நிரம்பியிருக்க வேண்டும் என்று விதியாம். ஆகவே கேண்டீனில் ஒருத்திக்கும் துப்புரவில் ஒருத்திக்கும் காய்ச்சல் வந்தது.

டாக்டர் கிருபாநிதி நினைவு சமூக மருத்துவமனை என்பது அதன் முழுப் பெயர். கிருபாநிதி நாசரேத்துக்காரர், சைக்கிளில் உப்பளத்துக்கே போய் வைத்தியம் பார்த்தவர் என்பார்கள். வரவேற்பறையில் அவர் படம் இருக்கிறது. படத்துக்குக் கீழே அன்பு, மரியாதை, நேர்மை, சேவை என்று நான்கு சொற்கள். அந்தப் படத்தின் கண்ணாடியையும் நான்கு சொற்களையும் தினமும் ஈரத்துணியால் துடைப்பது சந்தனச்செல்வி. துடைக்கிறவளுக்கு ஆஸ்பத்திரியில் பெயர் இல்லை. அவள் ஒப்பந்தக்காரரின் ஆள்.

ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் பாண்டித்துரை முந்தின நாள்தான் விஷயத்தைச் சொன்னார்.

"ஏளா சந்தனம், நாளைக்கு நீ தொடைக்கவும் வேண்டாம், கழுவவும் வேண்டாம். ஏழாம் பெட்ல போய்ப் படு. அம்புட்டுதான் வேல."

"படுக்கவா அண்ணாச்சி?"

"படுக்கத்தான். காய்ச்சக்காரி மாதிரி."

"நான் கேட்ட லீவு அண்ணாச்சி? மூணு வாரமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

"இத முடிச்சுக் குடு. ஒரு நாள் லீவு எழுதிப் போட்டுருதேன். போதுமா?"

அவளுக்கு அது போதும். அந்த ஒரு நாளுக்காகத்தான் மூன்று வாரமாக அவர் பின்னால் அலைந்துகொண்டிருந்தாள்.

இடது பக்கம், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள குழியில் ஒரு கட்டி. சித்திரையில் புளியங்கொட்டை அளவு இருந்தது, இப்போது நெல்லிக்காய். வலி இல்லை. வலித்திருந்தால் ஒருவேளை யாரிடமாவது சொல்லியிருப்பாள். வேலைக்குப் போடும் நீலக் கோட்டின் மேல்பட்டன் இறுகத் தொடங்கியபோதுதான் அவளுக்கே தெரிந்தது. காலர் வைத்த கோட்டு, பட்டன் போட்டுவிட்டால் வெளியே தெரியாது. உடம்பும் இளைத்துவிட்டது, ஜாக்கெட்டை இரண்டு தடவை பிடித்துத் தைத்தாயிற்று. பதினாலு டாக்டர்கள் நடக்கும் தரையை அவள் துடைக்கிறாள். ஆனால் ஓ.பி. நேரமும் டூட்டி நேரமும் ஒன்று, ஒப்பந்தப் பெண்கள் டூட்டியில் வரிசையில் போய் நிற்கக் கூடாது. அவர்களுக்கு உள்ளது ஈ.எஸ்.ஐ. மருந்தகம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவளுக்கு ஓய்வு, ஞாயிற்றுக்கிழமை மருந்தகத்துக்கும் ஓய்வு. சொல்லாமல் ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் வேலை இருக்காது. போன வருடம் அப்படி மூன்று பேர் போனார்கள்.

திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள் உமாராணி ஞாயிறுதோறும் போன் செய்வாள். "சாப்பிட்டியாம்மா?" என்பாள். "சாப்பிட்டேன்" என்பாள் இவள். மகள் தன் வீட்டுக்காரர் முன்னால் நின்று பேசுகிற போனில் கட்டியைப் பற்றி எப்படிச் சொல்வது? முத்தையாபுரத்தில் ஒற்றை அறையில் இவள் மட்டும்தான். தலை வாரும்போது கண்ணாடியில் பார்த்துக்கொள்வாள். வேறு யாரும் பார்த்ததில்லை.

தர மேம்பாட்டு அலுவலர் ஜெமி நோயாளிகளுக்கான கவுனோடு வந்தாள். இருபத்தாறு வயசுப் பிள்ளை, வேலைக்குச் சேர்ந்து பத்து மாதம். சான்று கிடைத்தால்தான் அவள் வேலையும் நிரந்தரமாகும் என்று ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும்.

"அக்கா, நீங்க இன்னைக்கு இந்துமதி. நாப்பத்திரெண்டு வயசு. டெங்கு காய்ச்சல், மூணாவது நாள். போன மாசம் இருந்த பேஷண்டோட ஃபைல்தான், தேதி மட்டும் மாத்தியிருக்கு." பேசிக்கொண்டே சந்தனச்செல்வியின் மணிக்கட்டில் பெயர்ப் பட்டையை மாட்டினாள். "உரிமைகளப் பத்திக் கேட்டா என்ன சொல்லணும்?"

"சிஸ்டர் சொன்னாங்க, போர்டுலயும் இருக்கு."

"அவ்வளவுதான். அதுக்கு மேல பேசக் கூடாது."

இந்த உரிமைகளை ஒரு மாதமாக ஊழியர் எல்லோருக்கும் ஜெமி பாடம் நடத்தியிருந்தாள். மொத்தம் பன்னிரண்டு. எட்டாவதோடு படிப்பை நிறுத்திய சந்தனச்செல்வி பன்னிரண்டையும் நெட்டுருப் போட்டுவிட்டாள். ஒன்பதாவதில்தான் நாக்கு தடுக்கும். சிகிச்சையை ஏற்கவோ மறுக்கவோ நோயாளிக்கு உரிமை உண்டு. "வைத்தியம் வேண்டாம்னு எவளாவது சொல்லுவாளா மேடம்?" என்று அவள் கேட்டபோது வகுப்பே சிரித்தது.

கோட்டையும் சேலையையும் கழற்றிப் பச்சைக் கவுனுக்கு மாறினாள். கழுத்து அகலம். முடியை முன்னால் எடுத்துப் போட்டு மறைத்துக்கொண்டு படுத்தாள்.

படுத்தவளுக்குக் கால்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏழு மணிக்கு டூட்டியில் நுழைந்தால் மாலை ஏழு வரை உட்கார நாற்காலி கிடையாது. இந்தக் கட்டிலைக் கழுவியிருக்கிறாள், நகர்த்தியிருக்கிறாள், இதிலிருந்து செத்தவர்களை இறக்கியிருக்கிறாள். இந்த வார்டின் கூரையை மட்டும் பார்த்ததே இல்லை. மின்விசிறி இறக்கைகளின் விளிம்பில் கறுப்பாய் அழுக்கு. இத்தனை நாளும் நோயாளிகள் இதைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தார்களா என்று வெட்கமாக இருந்தது.

"ஏளா, நேத்து நீதான இங்கன தொடச்சிட்டு இருந்த?"

எட்டாம் கட்டில். மணப்பாட்டுக்காரி. சர்க்கரைப் புண்ணுக்காகக் காலைத் தூக்கி வைத்திருந்தாள்.

"ஆமாக்கா."

"ராவோட ராவா காய்ச்சலா?"

"ஆமா, வந்துட்டு."

மணப்பாட்டுக்காரி நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. மருமகள் கொண்டுவந்த காப்பியில் பாதியை மூடியில் ஊற்றி இந்தப் பக்கம் நீட்டினாள். "கூட யாரும் வரலியா ஒனக்கு?"

"இல்லக்கா."

"காய்ச்சல்னா யாராது கூட இருக்கணும்லா," என்றாள் அவள். சந்தனச்செல்வி காப்பியைக் குடித்தாள். இந்தக் கேள்விக்குக் கண்ணில் தண்ணீர் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

பதினோரு மணிக்கு ஆய்வுக்காரர்கள் வந்தார்கள். இந்த வார்டுக்கு வந்தது ஒரு டாக்டரம்மா. நரைத்த தலை, கைத்தறிச் சேலை, காலில் கேன்வாஸ் ஷூ. பேச்சு கோயம்புத்தூர்ப் பக்கம். கூடவே ஜெமியும் வார்டு டாக்டர் ஷாமும் நடந்தார்கள். டாக்டரம்மா ஒவ்வொரு கட்டிலிலும் கையெழுத்துகளைப் பார்த்தாள், ஊசி தேதி பார்த்தாள், ஏழாம் கட்டிலுக்கு வந்து மணிக்கட்டுப் பட்டையைப் படித்தாள்.

"இந்துமதி. இப்ப எப்படி இருக்குதுங்க?"

"பரவால்ல மேடம்."

"உங்க உரிமைங்க என்னன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

சந்தனச்செல்விக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு வரி மறந்துபோனது. ஒரு மாதம் ஒப்பித்ததுதான் வெளியே வந்தது. "ஒன்று, மரியாதையுடன் நடத்தப்படும் உரிமை. இரண்டு, அந்தரங்கம் காக்கப்படும் உரிமை. மூன்று, தன் நோயைப் பற்றி முழுமையாக அறியும் உரிமை. நான்கு, தனக்கு விளங்கும் மொழியில்..." குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வந்துகொண்டே இருந்தது. ஜெமியின் முகம் வெளுத்தது. எந்தக் காய்ச்சல்காரி வரிசை எண்ணோடு உரிமை சொல்லியிருக்கிறாள்? ஒன்பதாவதில் வழக்கம்போல் நாக்கு தடுக்கிற இடத்தில் டாக்டரம்மா கை காட்டினாள்.

"போதுங்கம்மா. எந்திரிச்சு உக்காருங்க."

எழுந்தாள். எழுந்த வேகத்தில் விரிப்பின் ஒரு மூலை கலைந்தது. கை தானாகப் போய் அதை உறை மாதிரி மடித்து மெத்தைக்கு அடியில் செருகியது. செருகிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. டாக்டரம்மா அந்த மூலையைப் பார்த்தாள். பிறகு பிளீச்சிங் பவுடரில் விரலிடுக்கெல்லாம் வெளிறிப்போன அந்தக் கைகளைப் பார்த்தாள்.

"எத்தன வருசமா இங்க இருக்கீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மூணு நாள் மேடம்," என்றாள் ஜெமி, முந்திக்கொண்டு.

டாக்டரம்மா ஜெமியைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பார்வை கவுனின் கழுத்தில் நின்றிருந்தது. உட்கார்ந்தபோது முடி பின்னால் போய்விட்டிருந்தது. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். இரண்டு விரல்களை அந்தக் குழியில் வைத்து உருட்டிப் பார்த்தாள், அழுத்திப் பார்த்தாள். அந்தக் கட்டியை இன்னொரு கை தொட்டது அதுதான் முதல் தடவை. விரல்கள் குளிர்ச்சியாக இருந்தன.

"இது எத்தன நாளா இருக்குது?"

"சித்திரையிலேருந்து."

"வலிக்குதா?"

"இல்ல மேடம்."

"எடை குறைஞ்சுதா?"

"குறஞ்சிருக்கு."

டாக்டரம்மா ஃபைலைப் புரட்டினாள். "டாக்டர், மூணு நாளாப் பாக்கறீங்க. இதப் பத்தி ஒரு வரி கூட இல்லீங்களே?"

ஷாமுக்குக் காது மடல் சிவந்தது. "பிளான் பண்ணியிருக்கோம் மேடம்."

"எப்ப?"

"இன்னைக்கே ஊசி போட்டு சாம்பிள் எடுத்துருவோம்."

டாக்டரம்மா பேனாவை எடுத்து ஃபைலில் தானே எழுதினாள். ஐந்து வரி, கடைசி வரிக்கு அடியில் கோடு. "நாளைக்குக் காலைல மறுபடி வருவேன். இவங்களத்தான் மொதல்ல பாப்பேன்." போகும்போது சந்தனச்செல்வியின் தோளில் ஒரு நிமிடம் கை வைத்தாள். "கண்டிப்பா எடுத்துருங்கம்மா. தள்ளிப் போடாதீங்க."

மதியச் சாப்பாடு வந்தது. நோயாளிக்கு உள்ளது, ரசமும் கூட்டும் வாழைப்பழமும். ஊசிக்கு வெறும் வயிறாக இருக்க வேண்டுமோ என்னவோ என்று அவள் தொடவில்லை. வார்டு வாசலில் சக்கர நாற்காலிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தாள். பயமாக இருந்தது, ஆனால் அந்தப் பயத்தில் ஒரு நிம்மதியும் இருந்தது. நான்கு மாதமாகத் தனியாகச் சுமந்ததை ஒருத்தி பார்த்துவிட்டாள், எழுதியும் வைத்துவிட்டாள். எந்தப் பெயரில் எழுதினால் என்ன, ஊசி இந்தக் கழுத்தில்தானே இறங்கப்போகிறது? மகளிடம் ஞாயிற்றுக்கிழமை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்தாள். இரண்டு மணி ஆயிற்று. மூன்றும் ஆயிற்று. ஊசி போட யாரும் வரவில்லை.

நான்கு மணிக்கு ஆய்வுக்காரர்களின் கார் வெளியே போனது. அதன் பிறகுதான் ஜெமி வந்தாள், கையில் ஒரு படிவத்தோடு. திரையை இழுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"அக்கா, இந்துமதிய இன்னைக்கே டிஸ்சார்ஜ் பண்ணியாகணும்."

"ஊசி?"

"நாளைக்கு அந்த மேடம் வந்து ஒங்களத் தேடுவாங்க. ரெண்டாவது நாளும் ஒங்களப் படுக்க வச்சா, பேச்சு வளந்து எல்லாம் வெளிய வந்துரும். அதனால பேஷண்டே வேண்டாம்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டதா எழுதச் சொல்லி மேலிடத்துல சொல்லிட்டாங்க."

"ஊசிய மட்டும் போட்டுரச் சொல்லுங்க மேடம். பேரு யாரு பேரா வேணா இருக்கட்டும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"அது முடியாதுக்கா." ஜெமி தலையைக் குனிந்துகொண்டாள். "சாம்பிள் லேபுக்கு இந்துமதி பேர்லதான் போகும். ரிசல்ட் மெசேஜா அவங்க போனுக்குப் போயிரும். அந்தப் பொம்பள டெங்கு சரியாகி ஸ்ரீவைகுண்டத்துல நிம்மதியா இருக்காங்க. இப்படி ஒண்ணு அவங்களுக்கு வந்தா என்ன ஆவாங்க, சொல்லுங்க?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. முகம் தெரியாத அந்த இந்துமதிக்காகச் சந்தனச்செல்வி ஒரு கணம் பதறக்கூடச் செய்தாள்.

"அப்ப அந்த மேடம் எழுதுன தாள மட்டும் தாங்க. ஈ.எஸ்.ஐ.ல கொண்டு காட்டுதேன்."

"ஃபைல்ல பக்கத்துக்கு நம்பர் இருக்குக்கா, கிழிக்க முடியாது. நகலும் பேஷண்டுக்குத்தான் குடுக்கலாம். நீங்க..." ஜெமி முடிக்கவில்லை. பிறகு வேகமாகச் சொன்னாள்: "லீவு போட்டு சனிக்கிழமை போயிருங்க. அண்ணாச்சிதான் லீவு தாரேன்னு சொல்லியிருக்காவல்லா? எனக்காக இதச் செஞ்சு குடுங்கக்கா. என் வேலையும் இதுலதான் இருக்கு. ஒங்களுதும்."

திரைக்கு வெளியே ஷாமின் செருப்புச் சத்தம் நின்றது. "அக்கா, ஜி.ஹெச். போனாலும் பாப்பாங்க. சீக்கிரம் போயிருங்க," என்றது குரல். திரை விலகவில்லை. செருப்புச் சத்தம் தொடர்ந்து போனது.

படிவத்தை அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'எனக்குப் பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனையின் அவசியத்தை மருத்துவர் எனக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைத்தார். அதை என் சொந்த விருப்பத்தின் பேரில் மறுக்கிறேன்.' மேலே, தடித்த எழுத்தில், நோயாளியின் உரிமை எண் ஒன்பது என்று அச்சடித்திருந்தது.

"போன மாசம் அவங்க கைநாட்டுத்தான் வச்சிருக்காங்க," என்று ஜெமி மைப்பெட்டியைத் திறந்தாள்.

சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். நான்கு மாதம் பொறுத்தாயிற்று, மூன்று நாளில் என்ன வந்துவிடும்? சந்தனச்செல்வி இடது கட்டைவிரலை மையில் தோய்த்து இந்துமதியின் பெயருக்கு மேல் அழுத்தினாள். கீழே சாட்சிக்கு ஒரு கோடு காலியாக இருந்தது. ஜெமி நர்சைக் கூப்பிட்டாள். பொய்ச் சாட்சி போட்டால் தன் நர்சிங் பதிவு போய்விடும் என்று நர்ஸ் மறுத்துவிட்டாள். ஜெமி பேனாவையும் இவளிடமே நீட்டினாள். வலது கையால் 'சா. சந்தனச்செல்வி, துப்புரவுப் பணியாளர்' என்று எழுதினாள். அந்த ஃபைலில் அவளுடைய சொந்தப் பெயர் வந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

நர்ஸ் வந்து மணிக்கட்டுப் பட்டையைக் கத்தரித்தாள். சந்தனச்செல்வி கவுனைக் கழற்றி, சேலையைக் கட்டி, நீலக் கோட்டை மாட்டினாள். மேல்பட்டன் போடும்போது கட்டைவிரல் மை காலரில் ஒட்டியது. தேய்த்துப் பார்த்தாள், பரவியது.

துடைப்பங்களும் வாளிகளும் வைத்திருந்த அறையில் பாண்டித்துரை வருகைப் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். அங்கே இருந்த ஒரே நாற்காலி அவருடையது.

"அண்ணாச்சி, சனிக்கிழம லீவு எழுதிருங்க."

"எந்த லீவு?"

"நீங்க சொன்னது. படுத்தா தாரேன்னியல்லா."

"குடுத்தாச்சே." அவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். அவள் பெயருக்கு நேரே, இன்றைய கட்டத்தில், சிவப்பில் 'வி' என்று விடுப்பு போட்டிருந்தது. "இன்னைக்கு ஒரு வாளித் தண்ணி தூக்குனியா? காலைலேருந்து காத்தாடிக்குக் கீழ சொகமாப் படுத்துக்கெடந்த. மூணு வேளச் சாப்பாடு வேற. இத லீவுன்னு போடாம என்னன்னு போடச் சொல்லுத?"

என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும்.

"அண்ணாச்சி, எனக்கு ஒடம்புக்கு முடியல. அந்த மேடமே பாத்து..."

"அடுத்த மாசம் பாப்போம். நாளைக்கும் ஆய்வு இருக்கு. ஆனா நீ வார்டுப் பக்கம் வரக் கூடாது பாத்துக்க, பின்னால துணி தொவைக்கற எடத்துலயே இருந்துக்க." பதிவேட்டை மூடினார். "ஏழாம் பெட் அப்படியே கெடக்காம். ஆள் வருதாம். போய் விரிப்ப மாத்து, போ."

விடுப்பில் இருந்த சந்தனச்செல்வி வார்டுக்குப் போனாள்.

விரிப்பை உருவியபோது மெத்தையில் அவள் கிடந்த இடம் இன்னும் லேசாகப் பள்ளமாக இருந்தது. கிருமிநாசினி தெளித்துத் துடைத்தாள். தலையணை உறையை மாற்றினாள். தொடாத சாப்பாட்டுத் தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். புது விரிப்பை உதறி விரித்து ஒரு மூலையை மடித்துச் செருகினாள், அடுத்த மூலைக்குப் போனாள்.

எட்டாம் கட்டிலிலிருந்து மணப்பாட்டுக்காரி தலையைத் தூக்கிப் பார்த்தாள். காலர் வரை பட்டன் போட்ட நீலக் கோட்டைப் பார்த்தாள்.

"என்னளா, அதுக்குள்ள சொகமாயிட்டா ஒனக்கு?"

"ஆமாக்கா," என்றாள் சந்தனச்செல்வி. மூன்றாவது மூலையை மடித்துச் செருகினாள்.